நான்கு விசைகளும் ஓர் ஊசி முனையும்

என் பேச்சைக் கேட்டு இதுவரை யாரும் திருந்தியதாகத் தகவல் இல்லை. பதினைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியதுதான் மிச்சம். ஆனால் ஒரே ஒரு முறை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அறுபத்திரண்டு பேர் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறக் கிளம்பிவிட்டார்கள். யாரும் ஊருக்குப் போய்விடாமல் தடுப்பதற்காகத்தான் என்னைப் பேசச் சொன்னார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்குத்தான் அசிங்கம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.எஸ்ஸி. இயற்பியல், அதிலும் துகள் இயற்பியல் சிறப்புப் பாடம். அணுவைப் பிளந்து, உள்ளே இருக்கும் கருவைப் பிளந்து, அதற்குள் இருப்பதையும் பிளந்து பார்க்கிற படிப்பு. (திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது, "அத எதுக்குப் பொளக்கணும்?" என்று கேட்டார்கள். இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.) அப்பாவுக்கு ஊரில் சைக்கிள் கடை. பி.எட். படித்து டீச்சர் வேலைக்குப் போ என்றார். ஆராய்ச்சிதான் செய்வேன் என்று நான் குதித்தேன். இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போய் இரண்டிலும் ஊற்றிக்கொண்டது. தோற்றுப்போய் வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அப்பா, "நான் அப்பமே சொன்னேம்லா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்த வாரமே திருப்பூருக்கு வந்துவிட்டேன். "இனிமே இந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். (எங்கள் வீட்டுக்குப் படியே கிடையாது, வாசல் தெரு மட்டத்தில் இருக்கும். கோபத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?) அதன்பிறகு இரண்டு வருடம் அப்பாவும் நானும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் வாரம் ஒரு முறை போனில் நலம் விசாரிப்பாள்.

கம்பெனியில் எனக்குக் கிடைத்தது செக்கிங் வேலை. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான உடுப்பு தைக்கிற கம்பெனி அது. தைத்து வருவதைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ கறை பட்டிருந்தாலோ தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. நான் திருப்பி அனுப்பியதைப் பிரித்துத் தைக்கிற நேரம் அவர்களுக்குத் தண்டம். இது போதாதென்று ஊசி விவகாரம் வேறு என் தலையில் இருந்தது. தைக்கும்போது ஊசி உடைந்தால் உடைந்த துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி என்னிடம் நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பேன். கடுகளவு முனை காணாமல் போனாலும் லைனை நிறுத்திவிடுவேன். காந்தத்தால் தரையைத் துழாவி, கட்டிவைத்த பெட்டிகளைப் பிரித்து, அந்த முனை கிடைக்கும்வரை ஒருத்தரும் மிஷினில் உட்காரக் கூடாது. "லட்சம் பீஸ்ல ஒரு பீஸ்ல இருந்தாலும் விட முடியாது. அது ஒரு குழந்தையோட உடம்புல குத்தும்" என்று மாதாமாதம் வகுப்பு வேறு எடுப்பேன்.

இப்படிப்பட்ட ஒருத்தியை யார் சாப்பிடக் கூப்பிடுவார்கள்? மதியம் நான் டப்பாவோடு போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். "மேடம், பேனுக்குக் கீழ உக்காருங்க" என்று மரியாதையாக ஒரு மூலையைக் காட்டுவார்கள். மரியாதை என்பது எவ்வளவு கொடுமையான விஷயம் என்பதை நான் அந்த மூலையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாஸ்டலில் யாரிடமும் பேசாமல் கிடந்துவிட்டு, திங்கள் காலை டீக்கடையில் "ஒரு டீ" என்று வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும்போது நான் மட்டும் ஹாஸ்டல் மாடியில் நின்று அடுத்த தெரு வாணவேடிக்கையைப் பார்ப்பேன். துகள்களில் நியூட்ரினோ என்று ஒன்று உண்டு. சூரியனிலிருந்து ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாக வந்து நம் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். எதையும் தொடாது, எதுவும் அதைத் தடுக்காது. நான் அந்த ஊரில் அப்படித்தான் இருந்தேன். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. மதியம் நாலு பேரோடு வட்டமாக உட்கார்ந்து அடுத்தவர் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் செப்டம்பரில்தான் டிவிக்காரர்கள் உலகத்தை அழிக்கத் தேதி குறித்தார்கள். ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் கட்டியிருந்தார்கள். அதற்குள் புரோட்டான் என்ற துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, எதிரும் புதிருமாக மோதவிட்டு, சிதறுவதில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதாகத் திட்டம். மோதுகிற இடத்தில் கருந்துளை உண்டாகிப் பூமியை முழுங்கிவிடும் என்று எவனோ கிளப்பிவிட, புதன்கிழமை மதியம் நம்ம ஊர் நேரம் இரண்டு மணி வாக்கில் எல்லாம் முடிந்தது என்று ஒரு சேனல் கடிகாரமே ஓடவிட்டது. (கருந்துளைக்குப் படமாக ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டியில் சுழி விழுவதைக் காட்டினார்கள்.)

செவ்வாய்க்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளி அவிநாசிப் பக்கத்துக்காரர். தன் அப்பாவின் தோட்டத்தில் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தவர், பத்து வருடம் முன்பு மிஷின் போட்டவர். கோபம் வந்தால் இன்னும் பணிவாகப் பேசுவார் என்பதால் அவர் எப்போது கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். மேஜைமேல் லீவு லெட்டர்கள் குவிந்திருந்தன.

"ஏனுங்க அம்மிணி, இதைக் கொஞ்சம் படிங்க."

படித்தேன். 'நாளை உலகம் அழிய இருப்பதால் எனக்கு மூன்று நாள் விடுப்பு தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' எல்லாமே இந்த ரகம். பொதுவாக லீவு வேண்டுமென்றால் இருக்கிற தாத்தாவைச் சாகடிப்பார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக எல்லோரும் உண்மையான காரணத்தை எழுதியிருந்தார்கள். அழிந்த பிறகு மீதி இரண்டு நாள் எதற்கு என்று மட்டும் புரியவில்லை.

"வியாழக்கெழம கண்டெய்னர் வருதுங்க. இவீங்க போயிட்டாங்கன்னா நான் கப்பல விட்டர்றேன்" என்றார் முதலாளி. "நீங்க இந்தப் படிப்புத்தானுங்களே படிச்சீங்க? ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பத்து நிமிசம் பேசுங்க கண்ணு. ஒரு ஆளு போகாம நிறுத்திக் குடுத்தீங்கன்னாப் போதும்."

இரண்டு வருடமாக என் படிப்பைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு ஆள் போக மாட்டாங்க சார், என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. இன்றைக்கு மட்டும் நன்றாகப் பேசிவிட்டால் இவர்கள் என்னை மேடம் என்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். உலகம் அழிகிறதே என்ற கவலையில் அறுபது பேர் இருக்க, நான் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி டீ நேரத்தில் எல்லோரையும் கட்டிங் டேபிளைச் சுற்றி நிற்க வைத்தார்கள். நான் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றேன். "உலகம் அழியாது, போய் வேலையைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் எம்.எஸ்ஸி. படித்தவள் அப்படிச் சொல்லலாமா? அடிப்படையிலிருந்து தொடங்கினேன்.

"இந்த உலகத்துல நடக்கிற எல்லாத்துக்கும் மொத்தம் நாலே நாலு விசைதான் காரணம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பட்டனைக் கீழே போட்டேன். "இது ஈர்ப்பு விசை. பூமி இழுக்குது."

"அது தெரியுமே" என்றாள் முன்னால் நின்ற முத்துப்பேச்சி அக்கா. துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரிதான். ஒருமுறை அவள் லைனில் ஊசி முனை காணாமல் போய் நான் மூன்று மணி நேரம் தேடவைத்ததிலிருந்து என்னைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஊரில் மாமியாரிடம் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளின் போட்டோ அவள் மிஷினில் ஒட்டியிருக்கும்.

"தெரியும்ல? இப்பப் பாருங்க." ஓர் ஊசியை மேஜைமேல் வைத்து, தரையைத் துழாவுகிற காந்தத்தை மேலே கொண்டுபோனேன். ஊசி துள்ளி ஒட்டிக்கொண்டது. "கீழே இழுக்கிறது இவ்வளவு பெரிய பூமி, மொத்தமும் சேர்ந்து. மேலே இழுத்தது இந்தக் கையளவு காந்தம். யாரு ஜெயிச்சா?"

எல்லோரும் கைதட்டினார்கள். நிஜமாகவே! காந்தமும் மின்சாரமும் சேர்ந்த மின்காந்த விசைதான் இரண்டாவது, அதற்கு முன்னால் ஈர்ப்பு விசை சுண்டைக்காய் என்று நான் சொல்ல, அறுபது தலைகள் ஆடின. நானும் அப்படித்தான், ஒரு கைதட்டல் கிடைத்ததும் கண்மண் தெரியவில்லை.

மூன்றாவது, வலிமையான விசை. அணுவின் கருவுக்குள் புரோட்டான்கள் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளும், ஆனாலும் பிரிந்து ஓடாமல் கட்டிப் போட்டிருப்பது இந்த விசைதான் என்றேன். அந்தப் புரோட்டானுக்குள்ளும் குவார்க் என்று மூன்று இருக்கின்றன. அவை ஒட்டி இருக்கும்போது தளர்வாக இருக்கும், பிரிக்கப் பார்த்தால் இழுக்க இழுக்க இறுகும். இதை விளக்க இடுப்பில் வைத்துத் தைக்கிற எலாஸ்டிக்கை எடுத்து இழுத்தேன். ஆர்வக்கோளாறில் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டேன். ஒரு முனை கையிலிருந்து நழுவிப் படீரென்று முதலாளியின் மூக்கில் போய் விழுந்தது.

"பரவால்லீங்க அம்மிணி, பேசுங்க பேசுங்க" என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டே.

நான்காவது, வலிமை குறைந்த விசை. ஒரு துகளை வேறொரு துகளாக மாற்றுகிறது. "ரொம்ப மெதுவாத்தான் வேலை செய்யும். ஆனா அது இல்லன்னா சூரியனே எரியாது" என்றேன். "அது நம்ம மெக்கானிக்குங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, கம்பெனியே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வருடத்தில் அவர்களோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலைவிட்டு இறங்கவே மனம் வரவில்லை. முதலாளி சொன்ன பத்து நிமிடம் எப்போதோ போய்விட்டது.

சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. புதன்கிழமை அங்கே எந்த மோதலும் நடக்கப் போவதில்லை. வளையத்தில் துகள்கள் ஒழுங்காகச் சுற்றி வருகின்றனவா என்று பார்க்கும் வெள்ளோட்டம் மட்டும்தான். மோதவிடுவதெல்லாம் பிறகுதான். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கலைந்து மிஷினுக்குப் போயிருப்பார்கள். அதை நான் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். (வகுப்பை நன்றாக முடிக்க வேண்டாமா?)

அதற்கு முன்னால், "இதைவிட வேகமான துகளெல்லாம் வானத்துல இருந்து தினமும் பூமியில மோதிக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன், தைரியம் சொல்வதாக நினைத்து.

"தினமுமா?" என்று ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள். "திருப்பூர்லயுமா?"

"எல்லா ஊர்லயும்தான். இத்தனை கோடி வருஷமா ஒண்ணும் ஆகலையே. அதனால பயப்பட வேண்டாம்."

முத்துப்பேச்சி அக்கா கையை உயர்த்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மேடம், நீங்க படிச்சவிய. வளவளன்னு வேண்டாம், ஒத்த வார்த்தைல சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணும் ஆவாதா? நிச்சயமா?"

அந்த இடத்தில் நல்ல மனுஷி யாராக இருந்தாலும் "ஆகாது அக்கா" என்று சொல்லியிருப்பாள். எனக்கு என் பேராசிரியர் கண்முன் வந்து நின்றார். அறிவியலில் வாய்ப்பு பூஜ்யம் என்று எதையும் சொல்லக் கூடாது என்று மூன்று மதிப்பெண் குறைத்தவர் அவர்.

"வாய்ப்பு சுத்தமா இல்லன்னு கணக்குப்படி சொல்ல முடியாதுக்கா" என்றேன். "ஆனா ரொம்ப ரொம்பக் குறைவு. எப்படிச் சொல்றது... லட்சம் பீஸ் தைக்கிறோம்னு வையுங்க. அதுல ஏதோ ஒண்ணுல ஒரு ஊசி முனை இருக்கிற மாதிரி. அதைவிடக் குறைவுதான்."

சொல்லும்போதே எனக்குப் பெருமை. அவர்களுக்குப் புரிகிற மாதிரி அவர்கள் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்துவிட்டேன் அல்லவா?

அறுபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். லட்சத்தில் ஓர் ஊசி முனைக்காக லைனை நிறுத்துகிறவள், பெட்டி எல்லாவற்றையும் பிரிக்கவைக்கிறவள், ஒருத்தரையும் மிஷினில் உட்காரவிடாதவள் நான். ஊசி முனை என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு இரண்டு வருடமாகப் பாடம் எடுத்ததே நான்தான்.

"அப்ப கெளம்புங்கடி" என்றாள் முத்துப்பேச்சி அக்கா.

"இல்லக்கா, நாளைக்கு மோதலே கிடையாது! வெள்ளோட்டம்தான்!" என்று நான் ஸ்டூல்மேல் நின்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. பைகள் வெளியே வந்தன, செருப்புகள் தேடப்பட்டன. மெக்கானிக் போனார். சூப்பர்வைசர் போனார். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். முதலாளியாவது அவர்களைத் தடுப்பார் என்று திரும்பிப் பார்த்தால், அவர் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, பசங்களப் பள்ளிக்கோடத்துல இருந்து கூட்டிட்டு வந்துரு. நான் ஊட்டுக்கு வந்துட்டே இருக்கறேன்." போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து கம்பெனிச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். "ரொம்ப நல்லாப் பேசுனீங்க அம்மிணி. நெறையாத் தெரிஞ்சுட்டனுங்க. நான் கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்."

அது கோபமா பணிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியாகக் கிளம்பிய முத்துப்பேச்சி அக்கா வாசலில் நின்றாள். பிள்ளைகளின் போட்டோவை மிஷினிலிருந்து பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். "ஒரே பஸ்ஸுதான் மேடம். நீங்களும் வாங்களேன்" என்றாள். அவள் என்னை ஓர் இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. எனக்கு ஆசைதான். ஆனால் வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் ஆயிற்றே. "நான் பிசிக்ஸ் படிச்சவக்கா. எனக்கு இந்தப் பயமெல்லாம் இல்ல" என்று சிரித்துவைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை கம்பெனியை நான்தான் திறந்தேன். ஓவர்லாக் மிஷின் சத்தம் இல்லாத அந்த ஹாலை நான் அதுவரை பார்த்ததில்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பாதி தைத்த கைப்பகுதிகள் ஊசிக்கு அடியில் அப்படியே மாட்டிக்கொண்டு கிடந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் என் மேஜையில் உட்கார்ந்து செக்கிங் பார்த்தேன். தையல் விட்டிருந்த ஒன்பது பீஸ்களைத் தனியே எடுத்து அடுக்கினேன். யாரிடம் திருப்பி அனுப்புவது? அப்போதுதான் அழுகை வந்தது.

அயர்னிங் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், எப்போது உள்ளே வந்தானோ, தினேஷ் துணி தேய்த்துக்கொண்டிருந்தான். பீகார்காரன். இரண்டு வருடத்தில் அவனிடம் நான் "ஸ்டீம் குறை" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

"நீ போகலையா?"

"என் ஊர் ரெண்டு ராத்திரி டிரெயின் மேடம். இன்னைக்கு ரெண்டு மணிக்கு துனியா கதம், உலகம் முடிஞ்சுதுன்னா, நான் பாதி வழி. டிரெயின்ல நிக்க இடம் இல்ல. இங்க பேன் இருக்கு."

இதைவிடத் தெளிவான கணக்கை நான் எம்.எஸ்ஸி.யில் கண்டதில்லை. ஹாஸ்டல் சமையல்காரம்மாவும் தாராபுரத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டதால் என்னிடம் இரண்டு பன்தான் இருந்தது. மதியம் அவன் தன் டப்பாவைத் திறந்து, சப்பாத்தியையும் உருளைக்கிழங்கையும் நடுவில் தள்ளினான். கட்டிங் டேபிள் ஓரமாக உட்கார்ந்து அவன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டேன். இரண்டு வருடமாக ஆசைப்பட்டது இப்படியா கிடைக்க வேண்டும்?

சாப்பிட்டுவிட்டு அவன் ஊருக்குப் போன் போட்டான். அவன் அம்மா அந்தப் பக்கம் அழுவது எனக்கே கேட்டது. அவன் சிரித்துச் சிரித்து ஏதோ சொல்லிவிட்டு, வைத்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்து, "மேடம் ஊர் எவ்வளவு தூரம்?" என்றான்.

"ஒரு ராத்திரி பஸ்."

"ஒரு ராத்திரிதானா? அப்ப ஏன் போகல?"

"உலகம் அழியாது தினேஷ். அதனாலதான்."

"நான் துனியா கேக்கல மேடம்" என்றான். "வீடு கேட்டேன்."

அவன் தேய்க்கப் போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் செல்போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்குப் போட்டேன். அம்மா எடுத்தாள்.

"ஏ யம்மா, எங்கட்டி இருக்க?"

"கம்பெனிலம்மா."

"கம்பெனிலயா? நாசமாப் போச்சு! திருப்பூருக்குப் போன புள்ளைய பூரா விடிய விடிய வந்து எறங்கிட்டுட்டி. உங்கப்பா காலைல ஆறு மணிக்குப் போனவிய, இன்னும் வீட்டுக்கு வரல. பஸ் ஸ்டாப்புலயே நிக்காவ. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கிப் பாக்காவளாம். எறங்குன புள்ளைய எல்லாத்துட்டயும் எம் மக வரலியான்னு கேக்காவளாம். சாப்பிடக் கூப்பிட்டா, இன்னும் ஒரு பஸ் இருக்குங்காவ."

நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இரி, வச்சிராத" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே அம்மா ஓடினாள். அவள் மூச்சு வாங்குவதும், தெருவில் யாரோ "எங்கக்கா ஓடுத?" என்று கேட்பதும், ஒரு பஸ் ஹாரனும் கேட்டன. பிறகு "யாரு?" என்று அப்பாவின் குரல். "உங்க மவதான்" என்றாள் அம்மா.

போன் கை மாறியது.

"சாப்பிட்டியா?" என்றார் அப்பா. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"சாப்பிட்டேம்ப்பா."

"என்னது?"

"சப்பாத்தி."

"ம். நல்லதுதான்."

"பஸ் ஸ்டாப்புல நின்னியளாம்ப்பா?"

"யாரு சொன்னா? நான் வெத்தல வாங்க வந்தேன்." குரலைத் தாழ்த்தி, "நீ வரலியா?" என்றார்.

"லீவு கேக்கலப்பா."

"ஒலகம் அழிஞ்சாக்கூட நீ லீவு கேக்க மாட்டியோ?" என்று அவர் அதட்டினார். அதட்டும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் சிரித்தேன், அப்புறம் விக்கி விக்கி அழுதேன். தினேஷ் அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். பேசி முடித்துவிட்டு மணி பார்த்தால் இரண்டேகால். உலகம் அழிய வேண்டிய நேரத்தில் நான் அப்பாவிடம் சப்பாத்தி பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலாளி மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, எதுவுமே நடக்காததுபோல் சாவியை வாங்கிக்கொண்டார். கண்டெய்னர் வந்து நின்றுவிட்டு வெறுமனே திரும்பிப் போனது. தாமதத்துக்கு விளக்கம் கேட்ட சரக்கு வாங்கும் ஐரோப்பியக் கம்பெனிக்கு மெயில் எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. உங்கள் ஊரில் நடந்த சோதனையில் எங்கள் உலகம் அழியக்கூடும் என்பதால் ஊழியர்கள் ஊருக்குச் சென்றுள்ளனர் என்று ஒளிக்காமல் எழுதினேன். அவர்கள் மறுபேச்சில்லாமல் ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் கொடுத்தார்களா, சிரித்துக்கொண்டே கொடுத்தார்களா, தெரியாது.

திங்கட்கிழமை எல்லோரும் திரும்பி வந்தார்கள். முத்துப்பேச்சி அக்கா நேராக என் மேஜைக்கு வந்து ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயை வைத்தாள். "நீ மட்டும் பேசலன்னா தீவாளி வரைக்கும் எம் புள்ளையளப் பாத்திருக்க மாட்டேம்ட்டி" என்றாள். மேடம் போய் 'ட்டி' வந்திருந்தது. அன்று மதியம் பேனுக்குக் கீழே உட்கார யாரும் சொல்லவில்லை, கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்தார்கள். அதே வாரக் கடைசியில் ஐரோப்பாவில் அந்த இயந்திரமே பழுதாகி நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. "அங்கயும் ஊசி ஒடஞ்சிருக்கும், மேடத்த அனுப்பித் தேடச் சொல்லுங்க" என்று கம்பெனி முழுக்க ஓட்டினார்கள். நான் ஊருக்குப் போய் வர லீவு கேட்டேன். முதலாளி காரணம் கேட்கவில்லை. கேட்டு நான் மறுபடியும் விளக்கத் தொடங்கிவிடுவேனோ என்று பயந்திருக்கலாம்.

அடுத்த வருடம் பி.எட். சேர்ந்தேன். ("நான் அப்பமே சொன்னேம்லா" என்று அப்பா சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.) அவருக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், இந்தக் கதையைத் தொடங்கிவிடுவார். நான் ஸ்டூலில் ஏறி நின்றது, எலாஸ்டிக் முதலாளி மூக்கில் அடித்தது, வாட்ச்மேன் தொப்பியை மாட்டிவிட்டுப் போனது எல்லாம் நடித்தே காட்டுவார். "ஊருல உள்ள புள்ளைய எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டு, எம் மவ ஒத்தையில கம்பெனிக்குக் காவல் இருந்தால்லா!" என்று அவர் முடிக்கும்போது என் பிள்ளைகள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பஸ் ஸ்டாப்பை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தால், வெற்றிலை வாங்கப் போனதாகத்தான் சொல்வார். அம்மா விடமாட்டாள். அடுக்களையிலிருந்தபடியே, "காலைல ஆறு மணிலருந்து ரெண்டு மணி வரைக்குமா வெத்தல வாங்குனிய?" என்பாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழும். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். நான் மட்டும் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவேன்.